வாஷர் வாங்கப் போனவன்

இந்த நாட்டைக் காப்பாற்றியே தீருவது என்று ஒரு மாலை முடிவு செய்தேன். நாடு கொஞ்சம் பெரிய விஷயம், உடனே முடியாது. அதனால் முதலில் எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடை.

தெருவில் தையல் கடை போயிற்று. கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற கடை போயிற்று. செருப்புக் கடை இருந்த இடத்தில் 'வாடகைக்கு' என்ற அட்டை மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஹார்டுவேர்காரரும் மூட்டை கட்டப் போகிறாராம். மற்ற கடைகள் போனபோது வருத்தப்பட்டதோடு சரி. இந்தக் கடை போனால் சாயங்காலம் முழுக்க நான் வீட்டில் கிடக்க வேண்டும்!

அந்தக் கடை வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. பார்ப்பவர்களுக்குப் பெஞ்சு. எங்களுக்குப் பாராளுமன்றம். ஆபீஸ் விட்டு வந்து நான் அதில் உட்கார்ந்தால் பிரதமருக்கு விக்கல் எடுக்கும். பக்கத்தில் ரிட்டயரான தபால்காரர். நான் எதைச் சொன்னாலும் மறுப்பார் என்பதால் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ பட்ஜெட்டுகளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறோம். நிதி அமைச்சருக்கு இது தெரியாது. தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடியிருப்பார்.

இதில் ஒரு சிக்கல். சும்மா பேசுவதற்கு என் மனைவி என்னை வெளியே விடமாட்டாள். வேலை இருந்தால்தான் வாசல் தாண்டலாம். சரி என்று வேலையை நானே உற்பத்தி செய்துகொண்டேன். அவள் மாடியில் துணி எடுக்கப் போகும் நேரம் பார்த்து வால்வை மூடி, சமையலறைக் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கிற கறுப்பு ரப்பர் வாஷரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். குழாயைத் திரும்ப மாட்டி வால்வைத் திறந்தால் சொட்டுச் சொட்டென்று ஒழுகும்.

"அடடா, மறுபடி ஒழுகுதே!"

"ஆமா, ஒழுகுது" என்பாள், மடித்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வாஷர் தேஞ்சு போச்சு. ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

ஓடிப்போவேன். திரும்பி வரும்போது தெருவிளக்கு எரியும். பையில் இருக்கிற அதே வாஷரை அதே குழாயில் மாட்டிவிட்டு, "புதுசு போட்டாச்சு" என்பேன். அவள் ஒரு நாளாவது ஏன், என்ன என்று கேட்டிருக்க வேண்டுமே! வெள்ளை மனசு, பாவம்.

கடை மூடுகிற செய்தியோடு அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"எல்லாம் மேலிடத்துச் சதி! வரிக்கு மேல வரியைப் போட்டு, பெரிய கம்பெனிக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டு, நம்ம தெருக் கடைக்காரன் வயித்துல அடிக்கறாங்க. நான் விடப்போறதில்ல."

"என்ன பண்ணப் போறீங்க?"

"போராட்டம்!"

"எப்படி?"

"பெஞ்சுல உக்காந்து."

"அதான் தினமும் நடக்குதே. சரி, நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"நாட்டுல எனக்குப் பங்கு கிடையாதா?"

அரசியல் சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. கூட்டிக்கொண்டு போனேன்.

ஹார்டுவேர்காரர் ஆணி டப்பாக்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி பெஞ்சில் இருந்தார். நான் தொண்டையைச் செருமி, "பெருமக்களே" என்று ஆரம்பிப்பதற்குள் என் மனைவி நேராகக் கல்லாவுக்குப் போய்விட்டாள்.

"ஏண்ணே கடைய மூடறீங்க?"

"அரசாங்கம்..." என்றேன் நான்.

"நீங்க கொஞ்சம் இருங்க. அண்ணன் சொல்லட்டும்."

"குழாய் வாங்க வர்றவங்க மாட்டறதுக்கு ஆள் கேக்கறாங்கம்மா. ஆளுக்கு எங்க போவேன்? அப்புறம்..." அவர் பெஞ்சைப் பார்த்தார். "உள்ள வர வழியும் இல்ல. சார் கால நீட்டி உக்காந்து விலைவாசி பேசறார். தாண்டிப் போனா 'நீங்க என்ன நினைக்கறீங்க'ன்னு பிடிச்சுக்கறார். பயந்துக்கிட்டு எல்லாரும் அடுத்த தெருவுக்குப் போயிடறாங்க."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் எதிர்க்கட்சி. அவர் ஒருநாளும் சொன்னதில்லை!

"போகட்டும்ணே, இவர் தினம் ஒரு வாஷராவது வாங்கறாரே?"

ஹார்டுவேர்காரர் சாக்கைக் கீழே வைத்தார். "வாஷரா? சாரா? ஓசியில தண்ணி வாங்கிக் குடிப்பார். வேற எதுவும் வாங்கிப் பார்த்ததில்லையே."

எனக்கு அந்த இடத்திலேயே ஆணி டப்பாவுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. மனைவியைப் பார்த்தேன். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்ணே. இவரோட சட்டைப் பை ஒவ்வொண்ணுலயும் வட்டமா ஒரு கறுப்புக் கறை. துவைச்சுத் துவைச்சு என் கை தேஞ்சு போச்சு. வாஷர் தேயல."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?" என்றேன் ஈனக் குரலில்.

"கேட்டா பழக்கம் விட்டுப் போயிடுமே! முதல்ல எல்லாம் குழாயோட மல்லுக்கட்டுவீங்க, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கும். இப்ப நான் துணிய எடுத்துட்டுப் படி இறங்கறதுக்குள்ள கழட்டி மாட்டியாச்சு." ஹார்டுவேர்காரர் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு வேகமா குழாய் கழட்டறவர் இந்த ஊர்லயே கிடையாதுண்ணே. உங்களுக்கு மாட்டறதுக்கு ஆள் வேணும்னு சொன்னீங்களே?"

ஹார்டுவேர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாள் பழக்கத்தில் அவர் என்னை அப்படி ஆசையாகப் பார்த்ததே இல்லை.

"நான் கொள்கை அளவுல ஆதரவு..." என்று இழுத்தேன்.

"கடையக் காப்பாத்தறேன்னு சொன்னீங்களா இல்லையா?"

சொன்னேன். பெஞ்சிலும் அதையே முழங்கியிருந்ததால் எதிர்க்கட்சியும் அதற்குச் சாட்சி சொன்னார். அவர் என்னோடு ஒத்துப்போனது அன்று ஒரு நாள்தான்.

மறுநாளே 'இங்கே வாங்கினால் இலவசமாக மாட்டித் தரப்படும்' என்று பலகை வந்துவிட்டது. கூடவே என் தோளில் ஒரு பையும் வந்தது. உள்ளே ஸ்பேனர், திருப்புளி, பழைய துணி. பெஞ்சு வழியை விட்டு ஓரமாக நகர்ந்தது. கடையில் கூட்டம் நெரிகிறது. சாயங்காலமானால் நான் யார் வீட்டுச் சமையலறையிலாவது தலைகீழாகக் கிடக்கிறேன். அரசாங்கம் கவிழ்ந்தாலும் எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. கொஞ்ச நாளாக எதிர்க்கட்சி வீட்டுக் குழாய் தினமும் ஒழுகுகிறது. போய்க் கழற்றிப் பார்த்தால் உள்ளே வாஷரே இருக்காது.

"வாஷர் வாங்கத்தான் போயிருக்கார்" என்பார் அவர் மனைவி.

இன்றைக்கு அவர்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெஞ்சில், என் இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பட்ஜெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். காட்டிக்கொடுக்கவும் வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வேன்?

வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்து பையை வீசினேன்.

"அது எப்படி ஒருத்தர் வீட்டுக் குழாய் மட்டும் தினம் தினம் ஒழுகும்? நீயே சொல்லு!"

என் மனைவி, ஒரு சொட்டுக்கூட ஒழுகாத எங்கள் குழாயை இறுக்கி மூடினாள்.

"எல்லாம் மேலிடத்துச் சதிங்க."