ராவுத்தர் கடை மீதி

பக்கிரிசாமியின் கையில் நாலு வெள்ளி அதிகமாக இருந்தது.

மாதக் கடைசியில் ஒரு மனிதன் கையில் நாலு வெள்ளி குறைந்தால் அது செய்தியே இல்லை. அதிகமானால்தான் செய்தி. அதுவும் கித்தா என்கிற ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்து, கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. நாலு வெள்ளிக்கு ஒரு ஆள் பத்து நாள் மரம் சீவ வேண்டும்.

நடந்தது இதுதான். வீட்டுக்காரி தனலெட்சுமிக்குக் கால் சுளுக்கு. ஏழு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாகப் பக்கிரிசாமியே பையைத் தூக்கிக்கொண்டு ஜெய்னுதீன் ராவுத்தர் மளிகைக் கடைக்குப் போனான். ஐந்து வெள்ளி நோட்டைக் கொடுத்துச் சாமான் வாங்கினான். மூன்று நோட்டும் கொஞ்சம் சில்லறையும் மீதி வந்தது. எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டான். ராவுத்தர் கடையில் மீதியை எண்ணிப் பார்ப்பது மரியாதையில்லை என்பது பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி. வீட்டில் எடுத்துப் பார்த்தால், ஒரு வெள்ளி நோட்டு மூன்று இருக்க வேண்டிய இடத்தில், ஒன்று ஐந்து வெள்ளி நோட்டு!

"இப்பவே போய்க் குடுத்துட்டு வரேன்" என்றான்.

"இருங்க. வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம். அதுவரைக்கும் அரிசிப் பானையில கெடக்கட்டும்" என்றாள் தனலெட்சுமி, காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே.

"வெள்ளிக்கிழமையா? நல்ல நாளும் அதுவுமா நீ ஒரு சதுரக் காசைக்கூட வாசப்படி தாண்ட விடமாட்டியே! அப்படியே அமுக்கிரலாம்னு பாக்குறியா?"

"அதில்லைங்க..."

"பேசாதே. அடுத்தவன் காசு ஒரு ராத்திரி இந்த வீட்ல தங்கக் கூடாது."

"சரி, போங்க. உங்ககிட்ட ஒண்ணு சொன்னா கிள்ளான் வரைக்கும் எல்லா ஸ்டேஷனுக்கும் கேட்டுரும். நான் ஒண்ணும் சொல்லல."

பக்கிரிசாமி கிள்ளான் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைச் சொல்லிவிடுவான் என்று பெயர். பெயர் வைத்தது அவனேதான். ஒரு தடவை ஸ்டேஷன் மாஸ்டரின் மாமனாரையே முகத்தைப் பார்த்துக் கீழே இறக்கிவிட்டான். அவர் டிக்கெட் வேட்டி மடிப்பில் பத்திரமாக இருந்தது. அந்தக் கதையை அவன் வெளியில் சொல்வதில்லை.

கடையில் அப்போது இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி தெருமுனையில் ஆப்பம் சுட்டு விற்கும் வீரம்மா. இன்னொருவன் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஜெயராஜ். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ராவுத்தர் வெண்தாடியோடு உட்கார்ந்து, காசுகளை விரல் நுனியால் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ராவுத்தரே, நீங்க குடுத்த மீதி கொஞ்சம் ஏறிப்போச்சு" என்றான் பக்கிரிசாமி.

ஜெயராஜ் கூரையைப் பார்த்தான். வீரம்மா 'வேண்டாம், வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினாள். 'பாரு, வந்த காசைத் திருப்பிக் கொடுக்கிறவனைக்கூடக் கெடுக்கிறாள்!' என்று நினைத்துக்கொண்டான் பக்கிரிசாமி.

"ஏறிப்போச்சா?" ராவுத்தர் தாடி ஆடியது. "யாரு, நானா ஏத்துனேன்? முப்பது வருஷம் தம்பி! இந்தக் கல்லாவுல ஒரு காசு கூடுனதுமில்ல, குறைஞ்சதுமில்ல. பினாங்குல இருக்கிற என் கூட்டாளி கணக்குப் பாத்துட்டு என்ன எழுதுறான் தெரியுமா? 'உங்க கை கையில்ல, தராசு'ன்னு எழுதுறான்!"

"இல்லீங்க, ஒரு வெள்ளிக்குப் பதிலா..."

"உங்க பணத்தை எங்கயாவது மறந்து வச்சிருப்பீங்க. அதை என் தலையில கட்டாதீங்க. டிக்கெட் பாக்குற ஆளுல்ல, எதையெடுத்தாலும் சந்தேகம்!"

சொன்ன பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை எடுத்து அவன் பையில் திணித்தார். "கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. காசெல்லாம் வேணாம், அட, வேணாங்கிறேன்ல!"

நாலு வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், நாலு வெள்ளியோடும் அறுபது காசுப் பேரீச்சம்பழத்தோடும் வீடு திரும்பினான்.

தனலெட்சுமி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்கன்னேன்" என்றாள்.

புதன்கிழமை பக்கிரிசாமி கிள்ளானுக்குப் போய் வரும் வழியெல்லாம் யோசித்தான். அந்த நேரத்தில் டிக்கெட் இல்லாத மூன்று பேர் அவன் முகத்துக்கு நேராகவே இறங்கிப் போனார்கள். கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. நாற்பது காசுக்கு ஒரு சோப்புக் கட்டி வாங்குவது. அந்த ஐந்து வெள்ளி நோட்டையே கொடுப்பது. மீதி வாங்க மறந்தவன்போல நடையைக் கட்டுவது. சோப்புக்கு நாற்பது காசு, பேரீச்சம்பழத்துக்கு அறுபது காசு, அதிகமாக வந்தது நாலு வெள்ளி. ஐந்து வெள்ளி பைசல். தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

சாயங்காலம் அப்படியே செய்தான். நோட்டை வைத்தான், சோப்பை எடுத்தான், நடந்தான்.

"தம்பீ! மீதி!"

காது கேட்காதவன்போல வேகமாக நடந்தான்.

"ஓய், டிக்கெட்டுக்காரத் தம்பீ!"

ஓட்டமும் நடையுமாகப் போனான். பின்னால் தடார் என்று சத்தம். திரும்பினால், தன் கடை வாசலில் தானே அடுக்கி வைத்த உப்பு மூட்டை தடுக்கி, ராவுத்தர் ஒரு காலைச் சாக்கடைக்குள் விட்டிருந்தார். எழுந்தார். தட்டுத்தடுமாறி வந்தார். வழியில் நின்ற சீன ரிக்‌ஷாக்காரனின் கையைப் பிடித்து, "நம்ம கடையில மீதி வாங்காம போனா என் பேரு என்னாகும் தம்பி?" என்று அவன் கையில் பணத்தை வைத்து அழுத்தினார்.

ரிக்‌ஷாக்காரன் பணத்தைப் பார்த்தான், ராவுத்தரைப் பார்த்தான், பிறகு பக்கிரிசாமியை நோக்கி நீட்டினான்.

பக்கிரிசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதருக்குக் கண் தெரியவில்லை! காசை முக்கால்வாசி விரல் சொல்லிவிடும். நோட்டை எந்த விரல் சொல்லும்?

வீட்டுக்கு வந்து மீதியை எண்ணினான். நாலு நோட்டும் அறுபது காசும் வந்திருந்தன. நாலு நோட்டில் ஒன்று பத்து வெள்ளி நோட்டு.

ஆக மொத்தம் அவனிடம் இப்போது ராவுத்தர் பணம் பதிமூன்று வெள்ளி. இன்னும் இரண்டு தடவை நேர்மையாக நடந்துகொண்டால் கடையே தன் பேருக்கு வந்துவிடும் என்று அவனுக்குப் பயம் பிடித்தது.

"வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தாள் தனலெட்சுமி.

"உனக்கு வேற கிழமையே தெரியாதா?" என்று சீறினான்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் ராவுத்தர் கடையில் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான். அவர் திரும்பும் நேரம் பார்த்துக் கல்லாப்பெட்டியில் போட்டுவிடுவது என்று திட்டம். அதற்கு முன்னால், உள்ளதைச் சொல்லியே பார்க்கலாமே என்று ஒரு நப்பாசை.

"ராவுத்தரே, உங்க கண்ணு..."

"கண்ணுக்கு என்னா? கழுகுக் கண்ணு! அதோ மூலையில பூனை தூங்குது பாருங்க, மீசை வரைக்கும் தெரியுது."

மூலையில் இருந்தது கருப்பட்டிச் சிப்பம். பக்கிரிசாமி சிப்பத்தைப் பார்த்தான், கிழவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தான். "ஆமாங்க, நல்லா கொழுத்த பூனை" என்றான்.

அப்போது வீரம்மா வந்தாள். "உளுந்து அரைப்படி குடுங்க." ராவுத்தர் திரும்பி உளுந்து டின்னைத் தடவிய நேரத்தில், அவள் கை சட்டென்று கல்லாப்பெட்டிக்குள் போய் வந்தது. அவள் போனதும் ஜெயராஜ் வந்து சுருட்டு கேட்டான். ராவுத்தர் திரும்பினார். அவன் கையும் பெட்டிக்குள் போய் வந்தது.

அடப் பாவிகளா! கண் தெரியாத மனிதரின் கல்லாவில் ஊரே கூடிக் கொள்ளையடிக்கிறதே! அவன் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. முகத்தைப் பார்த்தே தெரிகிறதே, இரண்டும் டிக்கெட் இல்லாத முகம்!

கடையில் ஆள் ஒழிந்ததும் ராவுத்தர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தம்பி, யாருகிட்டயும் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரிதான் கல்லாவ எண்ணுவேன், இந்த வாரம் நேத்தே எண்ணுனேன், இடிக்குது. பத்து வெள்ளிக்கு மேல. இந்த முப்பது வருஷத்துல இப்பதான்."

பக்கிரிசாமியின் சட்டைப் பையில் பதிமூன்று வெள்ளி நெருப்பாகச் சுட்டது.

"நாளைக்கு ராத்திரி ரயில்ல கூட்டாளி வரான், கணக்குப் பாக்க. குறைஞ்சா, 'வயசாயிருச்சு, கப்பல் ஏறுங்க'ன்னுவான். ஊர்ல எனக்கு யாரு தம்பி இருக்கா? எனக்கு எல்லாம் இந்தக் கடைதான்."

அன்று இரவு பக்கிரிசாமி பேரீச்சம்பழம்கூடச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராவுத்தர் பள்ளிக்குத் தொழப் போவார். கடையைப் பூட்டமாட்டார், பலகை போடமாட்டார். வாசலில் ஒரு மூங்கில் கம்பைக் குறுக்கே வைத்துவிட்டுப் போய்விடுவார். கம்பு இருந்தால் கடை சாத்தியதாகக் கணக்கு. அந்தக் கம்பைத் தாண்டி இதுவரை ஒரு கோழிகூடப் போனதில்லை என்பது அவருக்கு இன்னொரு பெருமை.

பக்கிரிசாமி உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லிவிட்டு, ரயில்வே கோட்டோடு நேராக அங்கே வந்தான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு ஈ காக்கை இல்லை. பதினோரு வருஷ உத்தியோகம், பித்தளைப் பொத்தான், ஊரில் உள்ள மானம் மரியாதை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கம்பைத் தாண்டினான்.

கல்லாப்பெட்டியின் மூடியைத் தூக்கிக் கையை விட்டு நோட்டுகளை அடியில் தள்ளினான். அப்பாடா! கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. கோட்டுக் கையின் பித்தளைப் பொத்தான் பெட்டியின் கொண்டியில் வசமாக மாட்டிக்கொண்டது. இழுத்தான். பெட்டியும் சேர்ந்து வந்தது. உள்ளே காசுகள் கோயில் மணி மாதிரி குலுங்கின.

வாசலில் நிழல் விழுந்தது.

வீரம்மா! அவளுக்குப் பின்னால் ஜெயராஜ்!

பக்கிரிசாமியின் கண்முன்னால் நாளைய பேச்சு ஓடியது: 'தெரியுமா சேதி? தொழுகை நேரத்துல டிக்கெட்டுக்காரன் கல்லாவுல கைய வச்சிட்டான்!' வேலை போகும். வீடு ரயில்வே வீடு, அதுவும் போகும். ஜெயிலில் வேளாவேளைக்குச் சோறு போடுவார்களாம், அது ஒன்றுதான் மிச்சம். பயத்தில் மனிதன் செய்யக்கூடிய ஒரே காரியத்தை அவனும் செய்தான். பாய்ந்தான்.

"வாங்க! நேத்தே பாத்தேன்! கண்ணு தெரியாத மனுசன்கிட்ட திருடுறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று கல்லாப்பெட்டியைக் கையில் மாட்டிக்கொண்டே கத்தினான்.

"கத்தாதீங்கண்ணே" என்றாள் வீரம்மா.

"கத்துவேன்! ஊரைக் கூட்டுவேன்!"

"அதைத்தான் உங்க வீட்ல பயந்தாங்க. கையைத் தளர விடுங்க."

பக்கத்தில் வந்து, ஆப்பச் சட்டியைத் திருப்புகிற லாகவத்தில் பொத்தானை ஒரு திருப்புத் திருப்பினாள். கை வெளியே வந்தது. பக்கிரிசாமி அதைத் தன்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டான்.

"நோட்டைப் போட்டாச்சா?"

"போ... போட்டாச்சு. பதிமூணு வெள்ளி. சத்தியமா எடுக்க வரல."

வீரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த நோட்டு ஒன்றை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டாள்.

"அப்ப நகருங்கண்ணே. கூட வந்தது சில்லறைன்னா அன்னன்னிக்கே போட்டுருவோம், நோட்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை இந்த நேரந்தான். தொழுகை முடிஞ்சு அவரு வாறதுக்குள்ள இன்னும் பதினோரு பேரு போடணும், கடைசியில உங்க வீட்டுக்காரம்மா வேற சுளுக்குக் காலோட நிக்கிறாங்க!"