இரண்டு தோளையும் தட்டு

ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். பியானோ தூக்கும் சுமைக்காரர் அரங்க மேலாளருக்குத் தரவேண்டிய முதலுதவி வகுப்புக் கட்டணம். "நீ உருப்படியா ஒருத்தருக்கு உதவிட்டா பணம் வேண்டாம். இல்லேன்னா கூலியில பிடிச்சுக்குவேன்" என்பது கட்டணத்தைக் கட்டிய மேலாளரின் பேச்சு.

சட்டையில் குத்திய பச்சை பேட்ஜை அவர் நடக்கும்போதெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டார். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படித்துத் தேறிய பரீட்சை ஆயிற்றே.

காலையில் அரங்கத்தை ஒட்டிய கண்காட்சிக் கூடத்தில், புயலில் கப்பல் உடையும் ஓவியத்தின் முன் ஒரு அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். சுமைக்காரர் ஓடிப்போய்ப் படுக்கவைத்து, கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்தார்.

"ஏங்க, படத்தைப் பார்த்து அழுறேங்க. காலை விடுங்க."

மதியம் அதே படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த ஓவியர் கையெல்லாம் சிவப்பு. இந்த முறை அவசரப்படக் கூடாதென்று, துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, நிதானமாகக் கட்டுப்போட்டு முடித்த பிறகுதான் அது சாயம் என்று தெரிந்தது.

மேலாளர் தலையிலடித்துக்கொண்டார். "இது ரொமான்டிக் காலத்துக் கலை. அழுவாங்க, சொக்குவாங்க, மயங்கி விழுற மாதிரி சாய்வாங்க. நீ கண்டுக்காதே. இன்னொரு தடவை ஆச்சு, பேட்ஜைக் கழட்டிருவேன்."

மாலையில் கச்சேரி. அதே காலத்து இசை. பியானோக்காரர் உருகி உருகி வாசித்துவந்து நடுவில் நின்றார். தலை தொங்கியது. அவர் பேர்பெற்றதே அந்த மௌனத்தால்தானாம். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. பக்கம் புரட்ட அருகில் உட்கார்ந்திருந்த மனைவியும் கண்மூடி லயித்திருந்தார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. திரையோரம் நின்ற சுமைக்காரர் பேட்ஜைத் தொட்டுப் பார்த்தார். போனால் போகட்டும், மனுஷன் உயிர் பெரிசு. விறுவிறுவென மேடையேறி, இரண்டு தோளையும் தட்டி, படித்தபடியே உரக்கக் கேட்டார்.

"ஐயா, நான் பேசுறது கேக்குதா?"

பியானோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது; பத்து விரலாலும் ஓங்கி அடித்து, மிச்சத்தைப் புயலாக வாசித்து முடித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

திரைக்குப் பின்னால் மேலாளர் கையை நீட்டினார். "பேட்ஜைக் குடு. ஆயிரத்து முந்நூத்தி நாப்பதையும் எடுத்து வை."

"தர்றேன் சார். ஆனா தலை தொங்கினவரைப் பார்த்துட்டு சும்மா நிக்க எனக்குச் சொல்லித் தரலை" என்றார் சுமைக்காரர், நிமிர்ந்து.

பியானோக்காரரின் மனைவி குறுக்கே வந்தார். "பேட்ஜ் அண்ணன்கிட்டயே இருக்கட்டும். அந்தப் பணத்தை நான் கட்டிடுறேன்." குரலைத் தாழ்த்தினார். "அந்த இடம் வந்தா இவரு எப்பவுமே தூங்கிடுவாரு, நான்தான் கிள்ளி எழுப்புவேன். இன்னிக்கு நானும் தூங்கிட்டேன்."