கீழே போட்டாலும் உடையாத கண்ணாடி

எனக்கு ஞாபகசக்தி அதிகம். எதை ஞாபகம் வைத்துக்கொள்வது என்பதில்தான் எனக்கு எந்த உரிமையும் கிடையாது. ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை இன்றும் வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். (முப்பத்தொன்பது பேர். பதினெட்டாவது நான்.) ஆனால் போனில் வந்த ஓடிபியை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே தட்டும்போது யாராவது "சாப்டியா?" என்று கேட்டால் போதும், நான்காவது எண்ணிலிருந்து எல்லாம் காலி. சற்று நேரத்துக்கு ஏந்தி வைத்திருக்கும் ஞாபகம் ஒன்று, ஆயுளுக்கும் சேர்த்து வைக்கும் ஞாபகம் இன்னொன்று என்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியவந்தபோது, எதிரே ஒரு வெளிநாட்டு ஆடிட்டர் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது நான் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், காருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் டிரெயினி. இரண்டு வருடம் முடியப்போகிறது. டிரெயினிகள் பதினொரு பேர். அதில் நான்கு பேரைத்தான் பர்மனெண்ட் ஆக்குவார்கள். தரத்தைச் சோதிக்கும் ஆடிட் முடிந்ததும் லிஸ்ட் வரும். லிஸ்டில் பேர் இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு ரயிலேற வேண்டியதுதான்.

ஆடிட்டர் லைனில் நிற்கும் யாரை வேண்டுமானாலும் பிடித்து, "உங்கள் கம்பெனியின் தரக் கொள்கை என்ன?" என்று கேட்பார். நான்கே வரி. எங்கள் அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சடித்தே இருக்கும். கழுத்திலேயே விடை தொங்கினாலும் திருப்பிப் பார்க்கக் கூடாது, மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் லைன் லீடர் குமரவேல் அண்ணன் பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர். இரண்டு வாரமாக என் பின்னாலேயே அலைந்தார்.

"தெனம் ரெண்டு தபா சொல்லிப் பாருடா. விட்டு விட்டுப் படிச்சாத்தான் உள்ள போயி குந்தும். அன்னிக்குக் காலீல மொத்தமா படிச்சின்னா, அன்னிக்கே பூடும்."

"நாலு வரிதானண்ணே, பாத்துக்கிடலாம்" என்றேன். பிளஸ் டூ வேதியியலையே தேர்வு அறை வாசலில் வைத்துப் படித்து முடித்தவன் நான். (மார்க்கைக் கேட்காதீர்கள்.)

ஆடிட் அன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அட்டையைத் திருப்பினேன். டிரெய்லர் லாரிகள் வழிமறித்துப் புண்ணியம் கட்டிக்கொண்டதில் முக்கால் மணி நேரம் கிடைத்தது. இறங்கும்போது நான்கு வரியும் கமா உட்பட நாக்கில் நின்றன. ஷூ மாட்டும்போது முணுமுணுத்தேன், லைனில் ஸ்குரூ முடுக்கும்போது முணுமுணுத்தேன். பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார். மொழிபெயர்க்க, தரப் பிரிவின் மேகலா மேடம் கூடவே வந்தார். எனக்கு மூன்று ஸ்டேஷன் தள்ளி இருவரும் நின்றபோது, அடுத்த ஸ்டேஷன் முருகன் திரும்பினான்.

"மாப்ள, இன்னைக்கு டிபன் பொங்கலா, பூரியா?"

"பூரி" என்றேன். அவ்வளவுதான். முக்கால் மணி நேர உழைப்பு முழுவதும் அந்தப் பூரியோடு போய்விட்டது.

ஆடிட்டர் என் முன்னால் வந்து நின்று புன்னகைத்தார். மேகலா மேடம் கேள்வியைத் தமிழில் கேட்டார். நானும் கம்பீரமாகத் தொடங்கினேன்.

"வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றும் தரமான..."

தரமான என்ன? முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உள்ளே தேடத் தேட வெறும் இருட்டு. அந்த நேரம் பார்த்து என் வாய் என்னைக் கேட்காமலேயே மேலே போனது.

"தரமான குடம்! தண்ணி ஒழுகாத குடம்! கீழ போட்டாலும் உடையாது, மேல ஏறி நின்னாலும் நசுங்காது! வாங்கம்மா, வாங்கக்கா! ரெண்டு குடம் எடுத்தா ஒரு செம்பு இலவசம்!"

என் அப்பா மொபெட்டில் ஊர் ஊராகப் பிளாஸ்டிக் குடம் விற்பவர். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை லீவு நாளெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து கூவியவன் நான்தான். இதைக் கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு 'ஹோல்சேல் பிசினஸ்' என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது இரண்டு கைகளையும் உயர்த்தி மொத்த லைனுக்கும் அறிவித்துவிட்டேன்.

ஆடிட்டர் மேகலா மேடத்தைப் பார்த்தார். பாவம், பொய் சொல்லத் தெரியாத பெண். குடத்தையும் செம்பையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். கீழே போட்டாலும் உடையாதாம், ஏறி நின்றாலும் நசுங்காதாம். ஆடிட்டர் என் மேஜையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மிகுந்த மரியாதையோடு, அந்தச் சோதனைகளை எப்போது செய்தீர்கள், பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்.

குமரவேல் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "குடம் வித்த வாயி, கம்பெனியையே வித்துடுச்சேடா" என்றார்.

தரப் பிரிவு மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தது. லிஸ்டில் என் பேர் இல்லை. ஊருக்கு அனுப்பாமல், பயிற்சியை ஆறு மாதம் நீட்டித்ததே பெரிய கருணை. கூடவே ஒரு தண்டனை: தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் நாற்பது பேர் எதிரே நான்தான் தரக் கொள்கையைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அட்டையைப் பார்த்துச் சொன்னேன். ஒரு மாதத்தில் அட்டை தேவைப்படவில்லை. (அடுத்த வருடமே கம்பெனி அந்தக் கொள்கையை மாற்றிவிட்டது. எனக்கு இன்றும் பழையதுதான் வரும்.)

லிஸ்ட் ஒட்டிய அன்று சாயங்காலம், லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். அழுகை வந்தது. அவருடைய தொழிலை மறைத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

"ஏல, அம்புட்டுச் சத்தமா கூவியுமா அந்த ஆளு ஒரு குடம்கூட எடுக்கல?"

கம்பெனி வாசலில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆறு மாதம் கழித்துப் பர்மனெண்ட் ஆர்டர் கைக்கு வந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, நாளின் முதல் குடம் விற்றதா என்று கேட்பவர் போல, "போணி ஆயிட்டால?" என்றார். "ஆயிட்டுப்பா" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நல்ல செய்தியும் போணிதான். கல்யாணம் நிச்சயமானபோது அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். மகள் பிறந்தபோது பிரசவ வார்டு வாசலிலேயே நின்று, "அப்பா, போணி ஆயிட்டு!" என்று போனில் கத்தினேன்.

உள்ளே இருந்த என் மனைவியின் காதில் அது விழுந்துவிட்டது. மகளுக்கு இப்போது மூன்று வயது. "பத்து மணி நேரம் வலியில துடிச்சவ நானு, ஒங்களுக்குப் போணியா?" என்று மனைவி இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதையும் தினம் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை கேட்டாலே போதும், ஆயுளுக்கும் நிற்கும்.