நட்சத்திரத்தை அணைக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு, அப்பா சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். அங்கே உன் சுகமும் உன் கண்ணாடிகளின் சுகமும் அறிய ஆவல்.

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. எழுபத்தொரு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்து, போன மாதம்தான் உன் கடிதத்தை முதன்முதலாக நானே படித்தேன். பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. நாலு கண்ணாடிகளைத் தனித்தனிக் கலத்தில் ஏற்றி, காற்றே இல்லாத விண்வெளியில் தள்ளித் தள்ளிப் பறக்கவிட்டு, எல்லாவற்றாலும் ஒரே நட்சத்திரத்தைப் பார்க்கப் போகிறீர்களாம்; ஒன்றில் விழும் ஒளி அலையின் மேட்டை இன்னொன்றின் பள்ளத்தில் பொருத்தினால் நட்சத்திரம் அணைந்துபோகுமாம்; அதன் பளபளப்பில் மறைந்திருந்த சின்னக் கிரகம் அப்போது தெரியுமாம். நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவனுக்கு அலை தெரியாதா? குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, இரண்டு குழாயையும் சொட்டவிட்டுக் குனிந்து பார்த்தேன். அலையும் அலையும் மோதி, ஓரிடத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது கண்ணு! அம்மாவைக் கூப்பிட ஓடின சந்தோஷத்தில் குழாயை மூடுகிற பக்கம் திருப்பாமல் திறக்கிற பக்கம் திருப்பிவிட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரர் நனைந்த கோட்டும் கையுமாக மேலே வந்தார். "பெரியவரே, உங்க பொண்ணு கிரகத்தைத் தேடட்டும், வேணாங்கல. என் வீட்டுக்குள்ள எதுக்கு மழை?"

கண்ணாடிகள் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவிடம் சொன்னேன். "அப்படின்னா நம்ம பொண்ணு நமக்கு ரொம்ப நல்லாத் தெரியணுமே"ன்னுட்டு தரையைத் துடைக்கப் போயிட்டா.

இன்னொன்று. இத்தனை வருஷமாக உன் கடிதங்களை அம்மாதான் படித்துச் சொல்வாள். ஒவ்வொன்றும் "சீக்கிரம் வந்துடறேன்பா" என்றுதான் முடியும். இப்போது பெட்டியில் இருந்த பதினேழையும் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கண்ணாடி இருக்கிறது, அலை இருக்கிறது, என் முழங்கால் வலிகூட இருக்கிறது. அந்த வரியை மட்டும் எங்கேயும் காணோம். விரல் வைத்துத் தேடினேன், மடிப்பிலும் பார்த்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை. அவள் குரலில் அந்த வரி நன்றாகத்தான் இருந்தது.

நீ வர வேண்டாம் கண்ணு. நீ பாதியில் விட்டுவிட்டு வந்தால் அந்தக் கிரகத்தை யார் பார்ப்பது? எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

உனக்கும் உன்னோடு உழைப்பவர்களுக்கும் எங்கள் ஆசி. கண்ணாடிகள் நாலும் சண்டையில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா
(கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: பிழை பார்க்க அம்மாவிடம் கொடுத்தேன். உரக்கப் படித்தாள். பெட்டிக் கடிதங்கள் பற்றிய பத்தியை அப்படியே தாண்டிவிட்டாள். "நீ வர வேண்டாம்" என்ற இடத்தில், "உடனே கிளம்பி வா கண்ணு" என்று படித்தாள். நான் அந்த வரியில்தான் விரலை வைத்திருந்தேன். அம்மா படித்ததுதான் சரி.