துரை வண்டியின் நீலப் புகை

கண்ணாடியைக் கழற்றியபோது துரையின் முகத்தில் வெள்ளையாக மிஞ்சியிருந்தவை கண்களைச் சுற்றிய இரண்டு வட்டங்கள்தான். மற்ற இடமெல்லாம் எண்ணெய்க் கரி.

"மஹ்ரூப்! இது காரா, தேயிலை பேக்டரியா?"

துரை தமிழ் கற்றது கங்காணிமாரிடம். அதனால் அவர் ஏசினால் எவருக்கும் உரை தேவைப்படாது.

"கார்தாங்க தொரை. கொஞ்சம் எண்ணெ குடிக்குது."

"கொஞ்சமா? திங்கக்கிழமை ஒடச்ச டின், இன்னிக்குக் காலி! கிளப்புல எல்லாத் தொரையும் சிரிக்கிறான். மாசக் கடைசியில ரேஸ். அன்னிக்குப் புகை வந்தா நீ டிரைவர் இல்ல. மாட்டு வண்டி!"

துரை தொப்பியால் முகத்தைத் துடைத்தபடி பங்களாவுக்குள் போனார். தொப்பியும் கறுத்தது.

மஹ்ரூப் காரைப் பார்த்தான். பெரிய யுத்தத்துக்கு முன்பு சீமையில் பந்தயங்களில் ஓடிய கார் அது. வயதான பிறகு ஏலத்துக்கு வந்து, கப்பலேறி, கொழும்பிலிருந்து மலையேறி, ஹாலிஎலைக்கு மேலே வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் வந்து நின்றது. நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, வெளியே துருத்திய புகைக்குழாய்கள். அது முழங்கினால் சத்தம் நான்கு மலைகளிலும் மோதித் திரும்பும். எந்தப் பாதையில் வருகிறது என்று காதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மஹ்ரூபுக்கு அது கூண்டுக்குள் இருக்கும் கிழட்டுச் சிங்கம்போலத் தோன்றும். அதன் மேல் அவனுக்குக் கோபமே வராது.

ஆனால் மாட்டு வண்டிக்காரனுக்கு லத்தீப் மாமா மகளைக் கொடுக்கமாட்டார். பதுளைக் கடைவீதியில் எண்ணெய்க் கடை வைத்து, துரையின் காருக்கும் எண்ணெய் டின் விற்கும் லத்தீப், நளீராவைக் கொடுக்கச் சம்மதித்ததே "துரையின் டிரைவர்" என்ற ஒரே தகுதிக்காகத்தான்.

முதலில் அவன் பம்பில் கை வைத்தான். துரை ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைப் பம்பை அழுத்தி அழுத்தித்தான் அந்த இயந்திரத்துக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். வளைவுக்கு ஒரு தரம் அழுத்திவந்தவன், இரண்டு வளைவுக்கு ஒரு தரம் என்று குறைத்தான்.

புகை குறையவில்லை. கூடியது.

"நல்லாத்தானே இருக்கு நானா?" என்றாள் பாக்கியலெட்சுமி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்து பங்களா வாசலும் கார்க் கொட்டகையும் கூட்டுகிறவள். "ஊதாவா, மலைக்குச் சேலை கட்டுன மாதிரி."

"உங்களுக்குச் சேலை, பாக்கியக்கா. எனக்கு அது தூக்குக் கயிறு."

"அப்பிடியெல்லாம் பேசாதீங்க. பெரட்டுக்கு ஆள் கூப்புட்டாச்சு, போய் தேத்தண்ணி குடிங்க. காலையில வெறும் வயித்தோட கார் மொகத்துல முழிச்சா இப்பிடித்தான் பேச்சு வரும்."

அது அவனுடைய வழக்கம். காலையில் பெரட்டுக் களத்தில் தொழிலாளரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்குப் பிரித்து அனுப்பும் நேரத்தில், காரைத் துடைத்து வைத்துவிட்டு, அவன் பங்களாக் குசினிக்குப் போய்விடுவான்.

இரண்டாவதாக டின்னைப் பூட்டினான். இவ்வளவு எண்ணெய் ஒரு இயந்திரத்துக்குள் போக முடியாது, யாரோ விளக்குக்கு எடுக்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகம். டின் அவன் அறைக்குள் போனது. சாவி அவன் இடுப்புக்குப் போனது.

மறுநாள் ஏழாம் நம்பர் மலை வளைவில் துரை மூக்கைச் சுருக்கினார்.

"மஹ்ரூப், என்ன வாசம்?"

மஹ்ரூபும் மோந்தான். சந்தேகமே இல்லை. வடை சுடும் வாசம்.

"நேத்துப் பேக்டரி. இன்னிக்குக் குசினி!" என்றார் துரை. ஆனாலும் அன்று அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே சாப்பிடப் போனார்.

மஹ்ரூப் அன்று பின்னேரமே பதுளைக்கு இறங்கினான். வழி முழுக்க மரியாதையான வார்த்தைகளைத் தேடி வைத்திருந்தான். கடைப் படியேறியதும் எல்லாம் மறந்துபோனது.

"மாமா, இன்ஜின் எண்ணெயில தேங்காயெண்ணெ கலக்குறீங்களா?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். லத்தீப் கையிலிருந்த புனலைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்ன?"

"ஏசாதீங்க மாமா. காரு வடை வாசம் அடிக்குது."

"சீல் ஒடைக்காத டின் அது! தேங்காயெண்ணெ என்ன வெல விக்குது தெரியுமா? அதக் கலந்தா நட்டம் எனக்குடா! கலப்படக்காரன் வீட்டுல ஏன் பொண்ணெடுக்கிற? போ, வேற வீடு பாரு!"

உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டு, உடனே நின்றது. அந்தச் சத்தம் நின்றது அவனைச் சுட்டதுபோல லத்தீபின் ஏச்சுக்கூடச் சுடவில்லை.

இனி மிஞ்சியிருந்தது ஒரே வழி. இயந்திரத்தின் வயிற்றையே திறப்பது.

பிஸ்டன்களை வெளியே எடுத்தான். தேய்ந்த வளையங்களுக்குப் பதில், துரை கொழும்பிலிருந்து தருவித்துப் போட்டுவைத்திருந்த புதியவற்றை மாட்டினான். சிலிண்டர் சுவரில் படியும் எண்ணெயைக் கீழ் வளையம் வழித்தால், அது திரும்பிக் கீழே போக வழி வேண்டாமா? அந்த வளையத்துக்கடியில் சுற்றிவரச் சின்னச் சின்னத் துளைகள் போட்டான். ஒரு துளை பிசகினால் சிங்கம் செத்துப்போகும். வேலை முடியும்வரை கொட்டகையை விட்டு அவன் நகரவில்லை. தேத்தண்ணியும் அங்கேயே வந்தது.

"போய்க் குடிச்சிட்டு வாங்களேன் நானா," என்று பாக்கியலெட்சுமி பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"முடியாதுக்கா."

இயந்திரத்தை மறுபடி சேர்த்து, காரைக் கிளப்பி, துரையோடு புறப்பட்டபோது பின்னால் திரும்பிப் பார்த்தான். பாதை தெரிந்தது. பாதைக்குப் பின்னால் மலை தெரிந்தது. மலைக்குப் பின்னால் வானம் தெரிந்தது. புகை இல்லை!

துரை அவன் முதுகில் தட்டினார். அந்த மகிழ்ச்சியோடு ஏழாம் நம்பர் மலையில் கார் திரும்பியபோது, கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். முள்முருக்கு மரத்தடியில் கங்காணி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் அரைப் பேர்!" என்று கத்தினார் துரை. அன்று அந்த மலையில் எல்லாருக்கும் அரைநாள் சம்பளம் போயிற்று. மஹ்ரூபுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் தன் துளைகளை நினைத்து, கொஞ்சம் மிதந்துகொண்டும் இருந்தான்.

மறுநாள் நிம்மதியாகக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தான். சீனி கூடப் போட்டுக்கொண்டான்.

அன்று கார், முந்தைய நாள் விடாத புகைக்கும் சேர்த்து விட்டது.

அதன் பிறகு என்ன செய்வதென்று மஹ்ரூபுக்குத் தோன்றவில்லை. பந்தய நாள் வந்துவிட்டது.

ஹாலிஎலைப் பாலத்திலிருந்து எல்லவுக்கு ஏறும் பாதையில் பந்தயம். பக்கத்துத் தோட்டத்துத் துரையின் கார் புத்தம் புதியது, புகையே விடாதது. கடைவீதியே திரண்டு நின்றது. கூட்டத்தில் லத்தீபும் நின்றார், மஹ்ரூபைப் பார்க்காத மாதிரி. காசு சுண்டியதில் முன்னால் நிற்கும் இடம் மஹ்ரூபின் துரைக்கு விழுந்தது.

கொடி விழுந்தது. கிழட்டுச் சிங்கம் கர்ஜித்தது. வடை வாசத்தோடு ஒரு நீல மேகம் எழுந்து பாதை முழுவதையும் அடைத்தது.

மஹ்ரூப் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த துஆவையெல்லாம் ஓதினான். பின்னால் புதுக்காரின் ஹாரன் கேட்டது. பிறகு இருமல் கேட்டது. பிறகு ஒரு வளைவில், 'சரக்' என்ற சத்தம். பாதை தெரியாமல் புதுக்கார் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி நின்றுவிட்டது. அதிலிருந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை, கறுப்பு மட்டும்தான்.

எல்லவில் துரையின் கார் மட்டும் போய்ச் சேர்ந்தது. துரை கரிமுகத்தோடு மஹ்ரூபைக் கட்டிப்பிடித்தார்.

"நீதான் டிரைவர்! இந்தப் புகை எப்பவும் வேணும். கொறஞ்சா, மாட்டு வண்டி!"

திரும்பி வரும்போது ஹாலிஎலையில் லத்தீப் பாதைக்கு நடுவே நின்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அது நம்ம கடை எண்ணெ! வாங்க மருமகன், வீட்டுக்கு வாங்க. நளீரா வட்டிலாப்பம் செஞ்சு வச்சிருக்கா."

மறுநாள் காலை மஹ்ரூப் கொட்டகையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன நானா, செயிச்சும் இப்பிடியா?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"எப்பிடி வந்ததுன்னே தெரியாத பொகை அக்கா. அத நான் எப்பிடிக் காப்பாத்துவேன்?"

பாக்கியலெட்சுமி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். கூடையிலிருந்து ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து, இயந்திரத்தின் மூடியைப் பழகிய கையால் திருகி, மடமடவென்று உள்ளே ஊற்றினாள்.

"நீங்க டின்னப் பூட்டுனதுலேருந்து இந்த எண்ணெதான். அத லயத்து ஆளுக நாங்க பாத்துக்கிறோம் நானா. நீங்க பெரட்டு நேரத்துல தேத்தண்ணிக்குப் போறத மட்டும் நிறுத்திறாதீங்க. பொகை இல்லாம, தொரை எந்த ரோட்டுல வர்றாருன்னு தெரியாம அரைப் பேரு போன அந்த ஒரு நாளே எங்களுக்குப் போதும்."