சகலைக்குக் கிடைத்த வளைவு

எந்தத் தேசப் படத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஏழ்மடிச் சீமையில் மஞ்சுமலை என்று ஒரு மலை இருந்தது. அதை எந்த அரசரும் கட்டவில்லை, எந்த அமைச்சரும் திறந்து வைக்கவில்லை. ஆகவே அதில் ஒரு கல்வெட்டுகூடக் கிடையாது. இந்தக் குறை தலைநகரில் பலரை நெடுங்காலமாக உறுத்திக்கொண்டிருந்தது.

மலை உச்சியில் ஒரு புல்வெளி, அதன் நடுவே ஒரு சுனை. ஏறுவதற்குக் கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் மூன்று தடங்கள். யார் வேண்டுமானாலும் ஏறலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாரத்தில் ஆறு நாள் தறியில் நின்று கால் வீங்கியவர்களும், கச்சேரியில் கணக்கு எழுதி முதுகு வளைந்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு ஏறுவார்கள். சுனையில் முழுகி, புல்லில் மல்லாந்து கிடந்து, சாயங்காலம் மறுபடி மனிதர்களாக இறங்கி வருவார்கள். ஏழைக்கு அந்தச் சீமையில் ஓசியில் கிடைத்த சுகம் அது ஒன்றுதான்.

ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு தடக்காரர் உண்டு. முள் வெட்டுவது, உருண்ட கல்லைத் தள்ளிவிடுவது, பாதை தவறியவர்களைக் கூட்டி வருவது அவர் வேலை. மேற்குத் தடத்துக்குச் செங்கோடன், கிழக்குத் தடத்துக்கு மருதாசலம். இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். இரண்டு சகலைகள் மாமியார் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், யார் இலையில் எத்தனை பணியாரம் விழுந்தது என்று இருவருக்கும் நிச்சயமாகத் தெரியும். இவர்களுக்கும் தெரியும்.

ஆனால் செங்கோடனுக்கு ஒரு பெருமை இருந்தது. ஓடைமேல் மரப்பாலம் உள்ள தடம் அவருடையது மட்டும்தான். பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே ஜனம் மேற்குப் பக்கம் வரும். "தடக்காரரே, சௌக்கியமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகும். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு விசாரிப்பிலேயே அவர் வயிறு நிறைந்திருந்தது.

அந்தப் பாலத்தில் மூன்று பலகைகள் உளுத்துப்போயின. செங்கோடன் மூன்று வருடத்தில் மூன்று மனுப் போட்டார். மூன்றும் திரும்பி வந்தன. ஏனென்றால் ஏழ்மடிச் சீமையின் செலவுகளை முன்மாதிரி மன்றம் என்ற சபை தீர்மானித்தது. அதன் விதி ஒன்றே ஒன்று: முன்பு நடந்திராத செலவு வீண் செலவு, முன்பு நடந்துவிட்ட வீண் செலவு முன்மாதிரி. மனுத்தாளின் முதல் கட்டத்தில் 'உமக்கு என்ன வேண்டும்' என்ற கேள்வியே இருக்காது. 'உம் பக்கத்தாருக்கு என்ன கிடைத்தது' என்றுதான் இருக்கும். பக்கத்தில் யாருக்கும் பலகை கிடைக்கவில்லை. ஆகவே செங்கோடனுக்கும் கிடைக்கவில்லை. அவரே மூங்கிலைப் பிளந்து கட்டிச் சமாளித்தார்.

இந்த நிலையில்தான் அண்டை நாட்டு மலையடிவாரத்தில் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள் என்ற செய்தி மன்னர் காதுக்கு எட்டியது. அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை என்று சமையல்காரர்கள் சொன்னார்கள். அந்த வாரம் உடைந்த கல்படிக்கு மனுவோடு வந்த மருதாசலத்தைப் பிடித்து உட்காரவைத்து, 'அண்டை நாட்டாருக்குக் கிடைத்ததெல்லாம்' என்று எழுதி வாங்கினார்கள். ஆறே மாதத்தில் கிழக்குத் தடத்தின் வாயில் அறுபதடி உயர வளைவு எழுந்தது. மயிலும் யானையும் போட்டு, மேலே தங்கப் பூச்சுக் கலசம் வைத்து, அந்தி சாய்ந்தால் நூறு விளக்கு எரியும்படி கட்டியிருந்தார்கள். மேற்குத் தடத்தின் உச்சித் திருப்பத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

செங்கோடன் தினமும் அந்தத் திருப்பத்தில் நின்று பார்த்தார்.

அவர் மனைவி நாச்சாயி, தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டே பேசினாள்.

"ஏனுங்க, எங்கக்கா ஊட்டுக்காரருக்குத் தொப்பி குடுத்திருக்கறாங்க. மூணு மயிலெறகு வெச்சது. ஊதலு ஒண்ணு. கை வெச்ச நாற்காலி ஒண்ணு. அக்கா என்னையப் பாத்து, 'ஏன் நாச்சா, உங்கூட்டுக்காரரு இன்னும் முள்ளுத்தான் வெட்டறாரா?'ன்னு கேக்கறா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? ஆமான்னுதான் சொன்னேன்."

செங்கோடனுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. இரண்டு சொம்பு மோர் குடித்தும் அடங்கவில்லை. தான் முள் வெட்டிக் கை கிழிந்து நிற்க, பணியாரம் தின்ற பயல் நாற்காலியில் உட்காருவதா? முன்பெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்று சந்தோஷப்படுவார். இப்போது பாலத்தில் நின்று ஜனம் சிரித்தால் அதுகூட அவருக்குக் கேலியாகப் பட்டது.

ஒரு நாள் மருதாசலமே மேற்குப் பக்கம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பாலத்தில் உட்கார்ந்து ஓடையில் காலை விட்டுக்கொண்டு, வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"சகல, நீங்க குடுத்து வெச்சவரு. அந்த வளைவெல்லாம் வேண்டாமுங்க. நான் சுனையப் பாத்து நாலு மாசமாச்சு."

"ஏன் பாக்கோணும்? நாற்காலி குடுத்திருக்கறாங்க, உக்காந்துட்டு இருக்கலாமே."

"அட, நான் சொல்றதக் கேளுங்க. அங்க ஜனமே மேல போறதில்லீங்க. பூட்டுப் போட்டுட்டாங்க."

செங்கோடன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இருக்கிறவன் எப்போது இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்? நெல் குவித்தவன் விளைச்சல் இல்லை என்பான், பணக்காரன் கை கடிக்கிறது என்பான். பங்கு கேட்டுவிடுவேன் என்று பயம் இவனுக்கு. கிழக்கே போய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்திருக்கலாம், இரண்டு மணி நேர வழிதான். ஆனால் சகலையின் வளைவுக்குக் கீழே தலை நிமிர்த்தி நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாளே தலைநகருக்குப் புறப்பட்டார். முன்மாதிரி மன்றத்தில் ஆணையர் சர்வோத்தமனார் அவரை நிற்கவைத்தே பேசினார்.

"பலகை கேட்ட உமது மனுக்கள் மூன்றையும் வாசித்தேன். கையெழுத்து அழகு. ஆனால் உமக்குப் பலகை கொடுத்தால் நாளைக்குப் பாலம் உள்ள எல்லாரும் கேட்பார்களே?"

"இந்த மலையிலயே பாலம் ஒண்ணுதானுங்க. அது என்னோடதுதானுங்க."

"அதுதான் சிக்கல். ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு முன்மாதிரி ஏது?"

"எனக்குப் பலகையே வேண்டாமுங்க. எஞ்சகலைக்கு என்னென்ன குடுத்தீங்களோ அத்தனையும் எனக்கும் வேணும். ஒரு ஆணி கொறையக் கூடாதுங்க."

ஆணையர் எழுந்து நின்றுவிட்டார். மனுக்காரர் ஒருவருக்காக அவர் எழுந்து நின்றது அன்றுதான் முதல் தடவை. "இதுவல்லவா மனு! இவரல்லவா குடிமகன்! நாற்காலி கொண்டு வாருங்கள்!" என்றார். செங்கோடன் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

மூன்று வருடம் பலகைக்கு நடந்த மனுஷனுக்கு, பதினோரு நாளில் வளைவு அனுமதியானது. மேற்கிலும் அறுபதடி எழும்பியது. மயில், யானை, கலசம், நூறு விளக்கு, எதிலும் குறை இல்லை. வேலை முடிகிற நாளில் பொறியாளர் ஆட்களோடு மேலே ஏறிப்போய்ப் பாலத்தைக் கழற்றத் தொடங்கினார். செங்கோடன் மூச்சிரைக்க ஓடினார்.

"ஐயா, ஐயா! ஜனம் நடக்கற பாலமுங்க இது!"

"கிழக்குத் தடத்தில் பாலம் உண்டா?"

"அங்க ஓடையே இல்லீங்களே!"

"அது ஓடையின் குற்றம். ஓர் ஆணி குறையக் கூடாது என்று எழுதியிருக்கிறீர். ஓர் ஆணி கூடலாம் என்று எங்கே எழுதியிருக்கிறீர்? கிழக்கில் இல்லாதது மேற்கில் இருந்தால் அரசு பாரபட்சம் காட்டுவதாக உம் சகலை நாளைக்கு மனுப் போடுவார். மனித இயல்பு எங்களுக்குத் தெரியாதா?"

மனித இயல்பு செங்கோடனுக்கும் தெரியும்.

திறப்பு விழாவுக்கு இன்பநலத் துறை அமைச்சர் வந்தார். மலை ஏறினால் கால் வலிக்கிறது என்று பலர் தம்மிடம் முறையிட்டதாகவும், அந்த வலி இன்றோடு ஒழிந்ததாகவும் அறிவித்தார். பிறகு ஆணையர் அரசாணையை வாசித்தார். வளைவுக்குச் செலவானபடியால் தடத்தைச் செப்பனிடப் பணம் இல்லை. செப்பனிடாத தடம் ஆபத்தானது. ஆபத்தான தடத்தில் மக்களை விடுவது கொடுங்கோன்மை. ஆகவே, கிழக்கில் உள்ளவாறே, பொதுமக்கள் வளைவு வரை அனுமதிக்கப்படுவர். வாசித்து முடித்து ஒரு பூட்டைப் பூட்டி, சாவியைத் தலைநகருக்கு எடுத்துப் போனார். செங்கோடனுக்குத் தொப்பியும் ஊதலும் நாற்காலியும் கிடைத்தன.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. தொப்பியைப் போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய் வந்தார். திரும்பும் வழியில் நாச்சாயி சொன்னாள்: "அவருக்கும் மூணு எறகுதான், உங்களுக்கும் மூணு எறகுதான். இதுக்கா இத்தன அலைச்சல்?"

ஞாயிற்றுக்கிழமை தறிக்காரர்கள் வந்தார்கள். வழக்கமாக முன்னால் வருகிற பாவாயி, கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு வளைவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பூட்டைப் பார்த்தாள்.

"ஏனுங்க தடக்காரரே, போன வாரம் சும்மாதானே போயிட்டு வந்தோம்?"

செங்கோடன் ஊதலை ஊதினார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் வளைவு நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, "வடக்கால போனா இன்னும் உடறாங்களாம்" என்று பேசிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் மேற்கே ஒருவர்கூட வரவில்லை.

வடக்குத் தடக்காரி பூவாத்தாள். வடக்குத் தடம் ஒரு காலத்தில் யாரும் சீண்டாத வழி, அட்டைக்கடிக்குப் பேர்போனது. இப்போது சீமையே அந்த வழியாகத்தான் ஏறியது. மலையின் மறுபுறமிருந்து காற்று திரும்பினால் ஜனத்தின் கூச்சலும் சிரிப்பும் செங்கோடனின் நாற்காலி வரை வந்தன. முன்பு அவர் வளைவு வைத்திருந்தவனைப் பார்த்து எரிந்தார். இப்போது வளைவு இல்லாதவளை நினைத்து எரிந்தார். முந்தையது மோருக்கு அடங்காத எரிச்சல். இது எதற்கும் அடங்காதது.

ஒரு நாள் அந்தப் பூவாத்தாளே வந்து நின்றாள். தலை ஈரமாக இருந்தது. காலையில் சுனையில் முழுகிவிட்டு அப்படியே இறங்கி வந்திருக்கிறாள். கையில் ஒரு மனுத்தாள். வழுக்குப் பாறையில் கட்ட மன்றத்தில் ஒரு கயிறு கேட்டதாகவும், முன்மாதிரி இல்லை என்று சொல்லி இந்தத் தாளைக் கொடுத்ததாகவும், ஏற்கெனவே வளைவு பெற்றவர் ஒருவர் 'பெற்றேன், பரம திருப்தி' என்று கையெழுத்திட வேண்டும் என்றதாகவும் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண் வளைவின் கலசத்தில் இருந்தது. அந்தப் பார்வை செங்கோடனுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"அண்ணா, மனசறிஞ்சு சொல்லுங்க. இது வந்தது நல்லதுதானுங்களே? மருதாசலத்தண்ணன் வேண்டாம்னு சொன்னாருங்க. அவரு பொறாமையில சொல்றாருன்னு எனக்குத் தோணுச்சு. நீங்க சொன்னா நம்புவேன்."

ஒரே ஒரு வார்த்தை போதும். வேண்டாம் தாயி, அந்த மலையில் மிச்சம் இருக்கிற ஒரே வழி உன்னுடையது, ஓடிப் போய்விடு என்று சொல்லியிருக்கலாம். செங்கோடனுக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது அவளுடைய ஈரக் கூந்தலிலிருந்து ஒரு சொட்டு, வளைவின் பளிங்குப் படியில் விழுந்தது. சுனைத் தண்ணீர். அவர் தொட்டு எத்தனை மாதம் ஆயிற்று! தனக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் எதற்கு? தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாக வேண்டும் என்பார்கள். பூவாத்தாள் எதிரிகூட அல்ல.

"நல்லதுதான் தாயி. பரம திருப்தி. இங்க குடு" என்றார்.

பதினோரு நாளில் வடக்குக்கும் வளைவு அனுமதியானது.

அந்தத் திறப்பு விழாவுக்கு மன்னரே வந்தார். ஏழ்மடிச் சீமையில் மன்னருக்கும் தேர்தல் உண்டு, அதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது. மூன்று தடத்து ஜனமும் கூடியிருந்தது. வடக்குப் பூட்டு பூட்டப்பட்டபோது கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "எங்க மலைய ஏஞ் சாமி மூடிட்டீங்க?" என்று கத்தினார்கள். காவலர்கள் திரும்பினார்கள். மன்னர் அவர்களைக் கையமர்த்திவிட்டு, கொஞ்சமும் கோபப்படாமல் மூன்று மனுக்களை உயர்த்திப் பிடித்தார்.

"என் மக்களே, இந்த அரசு ஒரு தடத்தையும் தானாக மூடவில்லை. கேட்டீர்கள், கொடுத்தோம். கேட்டவர்களுக்குக் கொடுப்பது குற்றமா? இதோ மனுக்கள். வாங்கிப் பாருங்கள். இவற்றில் எங்காவது என் கையெழுத்து இருக்கிறதா?"

தாள்கள் கைமாறிக் கைமாறிக் கூட்டத்துக்குள் வந்தன. மன்னர் சொன்னது உண்மைதான். அவர் கையெழுத்து எதிலும் இல்லை. மூன்றில் இரண்டு தாளில் ஒரே பெயர், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. பாவாயி அதை விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். பக்கத்தில் இறகுத் தொப்பியோடு நின்றவரிடம் திரும்பினாள்.

"ஏனுங்க தடக்காரரே, செங்கோடன்னா யாருங்க? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலீங்களே" என்றார் அவர். கூட்டம் கைதட்டத் தொடங்கியிருந்தது. அவரும் தட்டினார்.