ஓடு உடையாத வீடு

சுழற்காற்று வந்துபோய் இரண்டு நாளாகிறது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், அந்தத் தெருவில் டெனிஸ் ஹக்கபியின் வீட்டில் மட்டும் ஓர் ஓடுகூட அசையவில்லை. மனிதர் வெளியே தலைகாட்டக் கூசினார்.

கூசாதா பின்னே? அந்தத் தெருவுக்குக் குடிவந்து இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரை ஒரு வாய் தேநீருக்கு அழைத்ததில்லை. இப்போது சர்ச் மண்டபத்தில் சேதமடைந்த வீட்டுக்காரர்களுக்கு தினமும் தேநீர், கேக், ஆறுதல். தெருவே அங்கேதான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலயாமே டெனிஸ், சந்தோஷம்," என்றாள் பக்கத்து வீட்டு பெரில், முகத்தில் அது துளியும் இல்லாமல். "எங்க தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகை சுக்குநூறு. ஆனா குறை சொல்லக் கூடாது பாருங்க." கால்மணி நேரம் சொன்னாள்.

"எங்க வேலியும் கொஞ்சம் ஆடுது."

"அது போன வருஷமே ஆடிச்சே."

அன்று மாலையே டெனிஸ் வேலியை ஓர் உதை விட்டார். அது மனைவி மாரினின் டேலியாச் செடிகள்மேல் சாய்ந்தது.

"என்னங்க இது?"

"காத்து."

"ரெண்டு நாள் கழிச்சா?"

"மெதுவா வேலை செய்யுது போல."

ஒரு வேலிக்கு யார் கேக் தருவார்கள்? ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் ஓர் ஓட்டைத் தட்டினார். அந்த ஓடு ஒரு வரிசையையே இழுத்துக்கொண்டு சரிய, வரிசை ஆன்டெனாவைச் சாய்க்க, ஆன்டெனா அவருடைய காரின் முன்கண்ணாடியில் போய் இறங்கியது.

மாரின் கோப்பையோடு வெளியே வந்தாள். "டீவியும் போச்சு. போதுமா, அடுப்படியையும் இடிக்கணுமா?"

ராத்திரி மழை கட்டிலிலேயே ஒழுகியது. ஆனாலும் மறுநாள் மண்டபத்தில் டெனிஸுக்குப் பெரிய துண்டாகவே கேக் கிடைத்தது. "பாவம், உங்களையும் விடலயா," என்று பெரில் தோளைத் தொட்டாள். ஆள் மிதந்துகொண்டே வீடு திரும்பினார்.

வாசலில் கேமராவோடு ஓர் இளம்பெண். காற்று போன தடத்தை ஆராய வந்தவளாம். கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், டெனிஸைப் பார்த்தாள்.

"சுழற்காத்துன்னா நாலாபக்கமும் சிதறியிருக்கும் சார். இங்க எல்லாம் ஏணிக்கு நேர்கீழ விழுந்திருக்கே."

டெனிஸ் தெருவை இருபுறமும் பார்த்துக்கொண்டார். "ஆமாம்மா, நான்தான். தயவுசெஞ்சு இந்தத் தெருவுல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இப்பதான் என்னைச் சேர்த்துக்கிட்டிருக்காங்க."

அவள் கேமராவை மூடினாள்.

"கவலைப்படாதீங்க சார். காலையிலேருந்து ஒவ்வொரு வீட்டுலயும் இதையேதான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க."